ஜிர்காடாங் தாண்டிய வண்டி

என் கணவர் இறந்த அன்று என் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஆளாளுக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எதிர் வீட்டுத் தெலுங்குக்காரம்மா என் முதுகைத் தடவி, "ரோ லோ பெஹன், ரோ லோ," என்றாள். சொன்னால் வந்துவிடுமா அழுகை? என் கணவர் நெஞ்சு வலிக்கிறது என்றார், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குள் ஒன்றும் நகரவில்லை.

அத்தையால் அன்று வர முடியவில்லை. அத்தை என்றால் என் மாமியார்; வடக்கே இன்னொரு தீவில், ரங்கட்டில் மூத்த மகனோடு இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு போனில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"வண்டி ஓடுச்சாத்தா?"

"இல்ல அத்த."

"ஓட்டிட்டு வந்து காட்டுறேன் காட்டுறேன்னே சொல்லிக்கிட்டு இருந்தான்."

"நான் கொண்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி என்பது பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், துணிக்கூரை, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்ததை வாங்கிச் சரக்குக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊரில், எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் ரோடு முடிந்துவிடுகிற ஊரில், ஒரு மனுஷனுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார்? கல்யாணமான பெண்கள் கேட்கிற எல்லாக் கேள்வியையும் நானும் கேட்டேன். ரங்கட் வரைக்கும் ஓட்டணும், அம்மாகிட்ட காட்டணும் என்பார். லீவு நாள் முழுக்க அதற்கு அடியிலேயே கிடப்பார். கப்பலில் மெயின்லேண்ட் போகிறவர்களை எல்லாம் பிடித்து ஸ்பேர் பார்ட் வாங்கி வரச் சொல்வார். எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஒரு ரப்பர் வாஷருக்காக ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தார்.

ஒரே ஒரு தடவை ரங்கட்டுக்குக் கிளம்பினார். வழியில் ஆதிவாசிகளுக்கென்று ஒதுக்கிய காடு இருக்கிறது. ஜிர்காடாங் செக்போஸ்டில் எல்லா வண்டிகளும் சேர்ந்து, போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் அதைத் தாண்ட வேண்டும். உள்ளே போனால் நிற்கக் கூடாது. இவர் வண்டி செக்போஸ்ட் வாசலிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸும் லாரியும் இவரைத் தாண்டிக் காட்டுக்குள் போயின. சாயங்காலம் லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். வீட்டுக்குள் வந்தவர் கருப்புக் கையோடு அப்படியே சாப்பிட உட்கார்ந்தார். எழுப்பிக் கை கழுவ அனுப்பினேன். டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் கரண்டு பம்ப்தான் கோளாறு என்றார். அதற்குப் பிறகு மூன்று பம்ப் மாற்றியிருப்பார். ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

இப்போது அது என் தலையில் விழுந்தது. வழக்கமாக வரும் மெக்கானிக், பரமக்குடிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். அவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அக்கா, இது ஏக்தம் பேக்கார் வண்டிக்கா. கபாடிக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

"ஒரிஜினலா இருக்கணும்னு நான் கேக்கல. ஓடணும். அவ்வளவுதான்."

மூக்கால் அழுதுகொண்டே வேலை செய்தான். ரேடியேட்டருக்கு ஏதோ மாருதி வேனின் ஃபேன் போட்டோம். டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு, அபர்டீன் பஜாரில் கிடைத்த பழைய ஆல்டர்னேட்டரை மாட்டினோம். சென்னையில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் போனில் பதறினார், பாவம் செய்கிறீர்கள் என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆபீஸ் போனேன், சமைத்தேன், ஸ்பேனர் பிடித்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. ருசி தெரியவில்லை, அலுப்பும் தெரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் வண்டி டெலானிபூர் ஏற்றம் ஏறியதும் நின்றது.

அந்த வாரம் வீட்டு வாஷிங் மெஷின் ஷாக் அடித்தது. எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு எர்த் இல்லை என்றார். எர்த் ஒயரை மாட்டியிருந்த குழாய்க்கு யாரோ பெயிண்ட் அடித்து, ஒயர் இரும்பைத் தொடாமல் போயிருந்ததாம். மழைக்கு முன்னால் கேட், கிரில், குழாய், டாங்கி ஸ்டாண்ட் என்று கண்ணில் படுகிற இரும்பையெல்லாம் இந்தத் தீவில் பெயிண்டில் குளிப்பாட்டுவோம். விட்டால் கடல் காற்று தின்றுவிடும். குழாய்க்கும் அடித்தது என் கணவராகத்தான் இருக்கும்.

நான் கீழே போய், பம்ப் இருக்கும் வண்டி டிக்கியைத் திறந்தேன். காரில் கரண்டு ஒரு ஒயரில் போகும், திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்புதான் வழி. அவர் அந்த உடம்பு முழுக்க ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் கருப்பு அடித்து, அதற்கும் மேல்தான் பம்ப்பின் எர்த் ஒயரை முடுக்கியிருந்தார். ஒரு இண்டு இடுக்கு விடவில்லை. அத்தனை ஆசையாக அடித்திருந்தார். கரண்டு எப்படியோ கொஞ்சம் கசிந்திருக்கிறது, வண்டி சூடானதும் அதுவும் நின்றிருக்கிறது. உப்புத்தாளை எடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடியில் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தேன். கை வலித்தது. அந்த வலி மட்டும் சரியாகத் தெரிந்தது.

பிறகு அந்த வண்டி நிற்கவே இல்லை. தினம் ஆபீசுக்கு அதில்தான் போனேன். மழையில் போனேன். மெக்கானிக் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, ஃபேன் மாற்றியதால்தான் ஓடுகிறது என்பான்.

ஒரு லீவு நாள் விடியற்காலையில் ஜிர்காடாங் போய் வரிசையில் நின்றேன். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். "மேடம், ராஸ்தே மே ருக் கயீ தோ?"

"நஹீ ருக்கேகி," வழியில் நிற்காது என்றேன்.

கேட் திறந்தது. முன்னால் பஸ், பின்னால் லாரி, இரண்டு பக்கமும் காடு. ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். கேட் வாசலில் அவர் வண்டி நின்ற இடத்தைத் தாண்டியபோதுகூட ஒன்றும் தோன்றியிருக்கவில்லை. காடு முடிந்து, படகுத்துறையில் வண்டிகளை ஏற்றும் படகில் அக்கரை போய், மத்தியானத்துக்குள் ரங்கட் வந்து சேர்ந்தேன்.

அத்தையை நாற்காலியோடு தூக்கி வந்து வண்டி பக்கத்தில் வைத்தார்கள். என்ஜின் ஓட ஓட அத்தை வண்டியையே பார்த்தார்.

"ஆஃப் பண்ணு," என்றார். பண்ணினேன்.

"இப்பப் போடு." சாவியைத் திருப்பினேன். பின்னால் பம்ப் டிக்டிக் என்றது, என்ஜின் பிடித்துக்கொண்டது.

"எம்புள்ளைக்கு மட்டும் ஏன் ஓடல?"

மறைக்கத் தோன்றவில்லை. "துருப் பிடிச்சிரும்னு பயந்து எல்லா எடத்துலயும் பெயிண்ட் அடிச்சிட்டாரு அத்த. கரண்டு போக வழியில்லாம போச்சு. நான் சுரண்டி எடுத்தேன்."

"சுரண்டுன எடத்துல துருப் பிடிக்குமே."

"பிடிக்கும். பிடிச்சா மறுபடியும் சுரண்டணும்."

அத்தை என் கையை இழுத்து நகங்களைப் பார்த்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கருப்பு. "அவன் கையும் இப்பிடித்தான் இருக்கும்," என்றார். "சோத்துல வைக்க விடமாட்டேன் நான்."

நானும் விடமாட்டேன் அத்த என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. என்ஜினை நிறுத்தாமல், வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.