நறுக்கரின் நாக்கு

ஓட்டல் சமையலறையில் அவரை எல்லாரும் நறுக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். கையெழுத்துப் போட்டு முடித்ததும் மறுபடி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அவருக்கும் அதில் வருத்தமில்லை.

அந்தச் சமையலறையில் நெருப்பு இல்லாத மேசை ஒன்றே ஒன்று. வேகாதது, வதங்காதது, பொரியாதது எல்லாம் அங்கேதான் தயாராகும். குளிர்மேசை என்பார்கள். அடுப்புக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்கென்னண்ணே, ஐஸ் பெட்டி பக்கத்துல மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க" என்று சீண்டுவார்கள். "மாப்பிள்ளைக்கு ஜலதோஷம் வந்தா நீயா மூக்கு சிந்தி விடுவே?" என்பார் அவர். கை மட்டும் நிற்காது.

குளிர்மேசையில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தாய்லாந்துப் பாணிக் காய்கறி சாலட். பச்சைப் பப்பாளியை இடது கையில் ஏந்தி, கத்தியால் நெருக்கமாகக் கொத்துவார். பிறகு மேலாகச் சீவினால் நூல் நூலாக உதிரும். கேரட், விதை நீக்கிய வெள்ளரி, முட்டைக்கோஸ் எல்லாம் அதே மெலிசில். சீவியதை ஐஸ் தண்ணீரில் போட்டு, விறைத்ததும் எடுத்து, துணியில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிடுவார். சின்ன மிளகாயும் பூண்டும் உரலில் நசுங்கும். அதோடு பனைவெல்லம், எலுமிச்சைச் சாறு, உப்புக்கு சோயா சாஸ். கடைசியில் வறுத்த வேர்க்கடலை. சாற்றைக் காயில் கலந்த பிறகு அவர் யாரிடமும் பேசமாட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு பரிமாறுகிறவரை விரட்டுவார்.

"உப்புப் பட்டா காய் அழ ஆரம்பிச்சிடும். அது அழறதுக்குள்ள சாப்பிட வச்சிடணும். ஓடு!"

இந்த சாலட்டை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. முன்பு ஒரு சீசனுக்கு வெளிநாட்டுச் சமையல்காரர் ஒருவர் அங்கே வேலை செய்தார். அவர் பேசுவது இவருக்குப் புரியாது. இவர் பேசுவது அவருக்குப் புரியாது. அவர் வேலை முடித்துக் கிளம்பியதும் உரலைக் கழுவப் போகிற சாக்கில் நறுக்கர் அடியில் விரலை வழித்து நக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். புளிப்பு முதலில் வர வேண்டும், இனிப்பு அதன் தோளைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், உப்பு இரண்டையும் தாங்க வேண்டும், காரம் கடைசியில் வந்து கதவைத் தட்ட வேண்டும். இது எதற்கும் அவரிடம் கரண்டிக் கணக்கு கிடையாது. பாட்டில் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடி ஊற்றுவார், நாக்கில் ஒரு சொட்டு வைப்பார், தலையை ஆட்டுவார்.

போன காய்ச்சலில் அந்த நாக்கு போயிற்று.

காய்ச்சல் விட்டு எழுந்த அன்று குடித்த கஞ்சி வெந்நீர் மாதிரி இருந்தது. வாய்க்கசப்புதான், தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. எலுமிச்சை வெறும் ஈரமாக இருந்தது, வெல்லம் மண்ணாக இருந்தது. மிளகாய் மட்டும் எரித்தது. ஆனால் எரிச்சல் ருசியல்ல, அது அடி. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், "நரம்பு சமாசாரம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நாள் கை தன் பழக்கத்தில் ஓடியது. அப்புறம் கைக்குச் சந்தேகம் வந்தது. ஊற்றினோமா, ஊற்றவில்லையா? முன்பெல்லாம் நாக்கு பதில் சொல்லும். இப்போது கேள்வி அப்படியே நின்றது. பயத்தில் ஒருநாள் இரண்டு தடவை ஊற்றினார். இன்னொரு நாளும் அப்படியே ஆனது. தட்டுகள் திரும்பி வந்தன.

மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், கத்துகிற ஆளில்லை. மேசையோரமாக வந்து நின்றார்.

"கருவாடுகூட இவ்வளவு உப்பா இருக்காது நறுக்கரே. உங்க கைக்கு என்ன ஆச்சு?"

"ஞாபகப் பிசகு மாஸ்டர்."

"ரெண்டு தடவையுமா?" மாஸ்டர் ஐஸ் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வராங்க, புது மெனுவை ருசி பார்க்க. உங்க சாலட்டும் இருக்கு. சரியா வந்துட்டா மேசை உங்களோடது. இல்லேன்னா நான் ஒண்ணும் பேச முடியாது. பின்னால பாத்திரம் கழுவ ஆள் குறையுது, அங்க போகச் சொல்லிடுவாங்க."

நாக்கு செத்துப்போச்சு என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கண் தெரியாதவனை யார் வண்டி ஓட்ட விடுவார்கள்? அவர் அடுத்த பப்பாளியைக் கையில் எடுத்தார்.

வீடு, சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறையும் ஒரு அடுக்களையும். மனைவி ஜன்னலோரம் தையல் மெஷினில் யாருடைய கால்சட்டையையோ சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு. டாக்டர் உப்பைத் தொடாதே என்று சொல்லிப் பல வருஷமாகிறது. ஆசை காட்டக்கூடாது என்று வீட்டில் உப்பு டப்பாவே வைப்பதில்லை. நறுக்கர் ஓட்டலில் சாப்பிட்டுவிடுவார். வீட்டில் சாப்பிடுகிற நாளில் மட்டும், "இதுக்கு வைக்கோல் பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்ததில்லை.

அன்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். மெஷின் நின்றது.

"அதான் ரெண்டு மாசமா குறை சொல்லாம சாப்பிட்டீங்களா? மனுசன் திருந்திட்டாருன்னு நினைச்சேனே!" சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்னங்க செய்யிறது?"

"உன் நாக்கைக் கொஞ்சம் கடன் குடு."

மறுநாள் விடுமுறை. பப்பாளி, கேரட், வெள்ளரி, கோஸ், ஒரு பாட்டில் சோயா சாஸ், உரலுக்குப் பதில் ஒரு கனத்த டம்ளர், ஐஸ் கட்டி ஒரு பை. அடுக்களைத் தரையில் பழைய துணியை விரித்து உட்கார்ந்தார். மேல்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தி கொத்துகிற சத்தம் கேட்டது. முதல் தடவை கையின் இஷ்டத்துக்கு விட்டார். கட்டைவிரல் தன் வழக்கப்படி பாட்டில் வாயை மூடித் திறந்தது. ஒரு நூல் பப்பாளியை மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாயில் வைத்ததும் தொட்டிப் பக்கம் ஓடினாள். கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"என்னங்க இது! வாயெல்லாம் கரிக்குது. கடல் தண்ணி தோத்துது."

அவருக்கு ஆச்சரியமே இல்லை. மாஸ்டர் சொன்னதும் அதுதானே. கை கெட்டுத்தான் போய்விட்டது என்று உறுதியாயிற்று. இனிக் கையை நம்பாமல் பாட்டில் மூடியால் அளக்க ஆரம்பித்தார். இரண்டு மூடி, "இன்னும் கரிக்குது." ஒரு மூடி, "கொஞ்சம் தூக்கலா இருக்குங்க." ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீவினார், புதிதாக நசுக்கினார். அரை மூடியில் அவள் மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மென்றாள்.

"இதுதாங்க. இதுதான் சரி. இப்படியா இருக்கும் இது? இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் செஞ்சு போட்டீங்களே, எனக்கு ஒரு வாய் கொண்டுவரணும்னு தோணலையா?"

அவள் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்து நாளாயிற்று. பிணி வந்ததிலிருந்து அது வேண்டாம், இது கூடாது என்றே கேட்டுக்கொண்டிருந்தவள். அவளிடம் இருக்கிற ஒன்று இன்னொருவருக்குத் தேவைப்படுவது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். வேன் ஓட்டுகிறவன், அக்கா வீட்டில் சாப்பிடுவதென்றால் வழியிலேயே எதையாவது தின்றுவிட்டு வருகிறவன்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்வாங்க. உன் வீட்டுல சாப்பிட்டுப் போனா படி இறங்கறதுக்குள்ள மறந்துடலாம்க்கா" என்றபடி உட்கார்ந்தான். கிண்ணத்தை நீட்டியதும் மென்றான். கறுக் மொறுக்கென்று அறை முழுக்கச் சத்தம். "மாமா, சத்தம் சூப்பர். ஆனா உப்பு மட்டும் பாதி வழியில இறங்கிடுச்சு போல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நீ நாள் முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சிப்ஸ் தின்னுறவன். உன் நாக்கு என்னைக்கோ மரத்துப்போச்சு. நீ பேசாதே."

"உண்மையத்தான் சொல்றேன் மாமா. சப்புன்னு இருக்கு."

நறுக்கர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை நம்புவது? பிறகு அவர் பார்வை கிண்ணத்துக்குப் போனது. சாறு கலந்து எவ்வளவோ நேரமாகியும் அடியில் தண்ணீர் தேங்கவில்லை. காய் சற்றும் துவளாமல் நிமிர்ந்து கிடந்தது. ஒரு நூலை எடுத்துக் கடித்தார்; காதுக்குள் நறுக்கென்று முறிந்தது. இத்தனை வருஷத்தில் தன் கையால் இப்படி ஒரு மொறுமொறுப்பு வந்ததில்லை என்று தோன்றியது.

"பாரு மாப்ளே," என்றார், கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி. "ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கணக்குத் தப்பா இருந்தா இப்படி நிக்குமா?"

மைத்துனனுக்குச் சமையல் கணக்கு என்ன தெரியும்? "சரி மாமா, நீங்க சொன்னா சரிதான்" என்று இன்னொரு வாய் அள்ளிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நறுக்கர் சோயா சாஸை மூடியில் அளந்து ஊற்றினார். அடுப்புக்காரர்களில் ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்தான். "அண்ணன் மூடியில அளக்கிறாருடா. மருந்தா செய்யிறாரு?" பாட்டிலைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒருதரம் தானாக விலகப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டார். அரை மூடி. அவ்வளவுதான்.

முதலாளியம்மா முதல் வாய் கடித்தபோது அந்தச் சத்தம் மேசையின் கடைசிவரை கேட்டது. "அட!" என்று சிரித்தார். நறுக்கருக்கு மூச்சு வந்தது. இரண்டாவது வாயை முதலாளியம்மா மெதுவாக மென்றார். மூன்றாவதை எடுக்கவில்லை. முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்துவைத்தார்.

"புல்லு மேய்ஞ்ச மாதிரி இருக்கு. உப்பே இல்லையே?"

நறுக்கர் தட்டைப் பார்த்தார். தட்டின் அடி காய்ந்து கிடந்தது. உப்புப் பட்டால் காய் அழும் என்று ஊரையெல்லாம் விரட்டினவர் அவர். அழாத காயைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் மைத்துனனுக்கு அதையே சாட்சியாகக் காட்டினவரும் அவர்தான். உப்பை மறந்த ஒரு நாக்கிடம் உப்பைக் கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை கை ஊற்றியதே சரியான அளவு. கை கெடவேயில்லை.

முதலாளியம்மா அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். மாஸ்டர் ஒரு வாய் எடுத்து மென்றார். நறுக்கரைத் தொட்டிப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

"ருசி பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மாஸ்டர்."

மாஸ்டர் திரும்பி நின்று கரண்டியில் எதையோ பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். "இதைச் சொல்லுங்க."

கரண்டியில் நிறமில்லாத தண்ணீர். நறுக்கர் வாயில் விட்டுக்கொண்டார். நாக்கைச் சுழற்றினார். நாக்கு ஒரு துணித்துண்டு மாதிரி கிடந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"உப்புக் கரைசல்."

மாஸ்டர் கரண்டிக்குக் கை நீட்டினார்.

"குழாய்த் தண்ணி, நறுக்கரே."

கரண்டியை வாங்கிக் கழுவி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "முதல்லயே சொல்லியிருந்தா நான் ருசி பார்த்துச் சொல்லியிருப்பேனே" என்றார் போகும்போது. அதுதான் நறுக்கரைப் பிறகு வெகு நாள் அரித்தது.

குளிர்மேசைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். பின்னால் கழுவுமிடத்தில் ஜன்னல் கிடையாது. சோப்புத் தண்ணீரில் முழங்கைவரை கை. தட்டுகள் வந்துகொண்டே இருக்கும். சாலட் தட்டு வரும்போது மட்டும் அதன் அடியைப் பார்ப்பார். தண்ணீர் தேங்கியிருக்கும், புது ஆள் சாற்றைக் கலந்துவிட்டுத் தட்டைக் காக்க வைக்கிறான். சொல்லலாம். கழுவுகிறவன் சொல்லி யார் கேட்பார்கள்? தட்டைத் தேய்த்து அடுக்குவார்.

வீட்டில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை படியேறும்போது சொல்லிவிடத்தான் இருந்தார். கதவைத் திறந்தவள், "என்ன சொன்னாங்க? உப்பு சரியா இருந்துச்சா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியா இருந்துச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அதைத் திருப்ப வழியில்லை. சம்பளம் குறைந்ததை ஓட்டலில் கூட்டமில்லை என்று சமாளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தபோது அவள் விடவில்லை. "உங்க மாமா மேசை என் நாக்காலதான் நின்னுச்சு தெரியுமா? நீ சொன்னதைக் கேட்டிருந்தா என்னாகியிருக்கும்!" என்று அவனை வாரினாள். சாலட் வேண்டுமென்றாள். நறுக்கர் தரையில் துணி விரித்து உட்கார்ந்தார். கத்தி முன்போலவே கொத்தியது. அரை மூடி ஊற்றினார்.

கிண்ணத்தை நீட்டியபோது அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை வெளுத்து, விரல் நுனிகள் சுருங்கி, நகக்கண் வெடித்திருந்தது.

"என்னங்க கை இப்படி ஆயிருக்கு?"

"ஐஸ் தண்ணியில நாள் முழுக்கக் கிடக்குதில்ல."

"முன்னாடியும் ஐஸ் தண்ணிதானே?"

"வயசாகுதும்மா."

மைத்துனன் அந்தக் கையைப் பார்த்தான். அவன் வேன் ஓட்டும் வேலைக்கு முன்னால் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவியவன். சோப்பு தின்ற விரல் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நறுக்கரின் முகத்தைப் பார்த்தான். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடா இருக்கு?" என்றாள் அக்கா.

அவன் மென்றுகொண்டே இருந்தான். "எல்லாம் சரியா இருக்குக்கா" என்றான். "இன்னும் கொஞ்சம் போடு."

அவள் வாய்நிறையச் சிரித்துப் போட்டாள். தானும் எடுத்துக்கொண்டாள். நறுக்கரும் ஒரு பிடி வாயில் போட்டு மென்றார். மூன்று பேர் வாயிலும் காய் முறிகிற சத்தம் மட்டும் அறையில் கேட்டது. கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.