செருப்புக் கழற்றாத விடுமுறை

நாங்கள் இருவரும் அதுவரை போன விடுமுறைகள் எல்லாம் சொந்தக்காரர் வீட்டு ஹோலில் விரித்த மெத்தைகள்தான். பாரிஸ் என்றால் என் மச்சான் வீட்டு மெத்தை. லண்டன் என்றால் மனைவியின் தங்கை வீட்டு மெத்தை. அது கொஞ்சம் தடிப்பு. ஈபிள் கோபுரத்தை நான் மச்சானின் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், சாவி தொங்கவிடும் அளவில் பார்த்திருக்கிறேன். மனைவி பார்த்ததெல்லாம் குசினிகள். எந்த நாட்டில் எந்த வீட்டில் வெங்காயம் எங்கே இருக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவாள்.

ஆகவே போன கோடையில், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு கேம்பிங் வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் வாழும் நாட்டிலேயே மலைப்பக்கம் போவோமா என்று நான் கேட்டபோது, அவள் ஒரேயொரு நிபந்தனை வைத்தாள்.

“ஒரு கிழமைக்கு ஒரு தமிழ் வீட்டு வாசல்லயும் நான் செருப்புக் கழட்டமாட்டன். ஒருத்தரோடயும் இருந்து கதைக்கவும் மாட்டன். அப்பிடி வந்துதெண்டா அடுத்த ரெயின்ல ஓல்டன் வீட்டுக்குப் போயிடுவன்.”

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். காது கேளாதவர்களுக்குப் பகல் முழுக்க ஒரே பதிலைச் சத்தமாகச் சொல்லவேண்டும். மாலையில் தொலைபேசி. சனி ஞாயிறு என்றால் யாரோ ஒருவரின் பிறந்தநாள், யாரோ ஒருவரின் மகளுக்குச் சாமத்தியவீடு. அந்த ஒரு கிழமை அமைதிக்காக அவள் வருடம் முழுவதும் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கோ அமைதி ஒத்துவராது. லிப்டில் தனியாகப் போனாலும் கண்ணாடியில் தெரிகிறவரிடம் சுகம் விசாரிப்பேன். இருந்தாலும் சத்தியம் செய்துகொடுத்தேன்.

வான் ஓட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை என்று நினைத்திருந்தேன். கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவனல்லவா. அந்த வண்டி பின்சில்லால் திரும்பும், வான் முன்சில்லால் திரும்பும் என்ற சின்ன வித்தியாசம் கிராவ்பூண்டன் மலைப்பாதையின் வளைவொன்றில்தான் ஞாபகம் வந்தது. எதிரே மஞ்சள் போஸ்ட் பஸ். அதன் சாரதி இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மனைவி இறங்கி, கையைக் காட்டிக் காட்டி, என்னையும் வானையும் மாட்டைப் பட்டிக்குச் சாய்ப்பதுபோல் ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கல்ல.

அதற்குப் பிறகு வந்த ஊர்களில் ஒரு தேவாலயம், ஒரு தண்ணீர்த் தொட்டி, பூட்டிய கடை. மனிதரைவிட மாடுகள் அதிகம். மனைவி ஒவ்வொரு ஊரிலும் மடிப்புக் கதிரையை விரித்து, மலையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். முகம் நாளுக்கு நாள் இளகிக்கொண்டு வந்தது. நான் மாடுகளோடு கதைத்தேன். அவை மரியாதையான பிராணிகள்; மணியை ஆட்டியாவது பதில் சொல்லும்.

வெள்ளிக்கிழமை ஒரு ஊரில் வானுக்குத் தண்ணீர் எடுக்க அங்கிருந்த சின்ன விடுதிக்குப் போனேன். குசினிப் பக்கத்திலிருந்து கறிவேப்பிலை தாளிக்கும் மணம் வந்தது. திரும்பிப் போ என்று காலுக்குச் சொன்னேன். கால் கேட்கவில்லை. உள்ளே ஒரு நாற்பது வயதுக்காரர், தனக்கென்று சமைத்துக்கொண்டு நின்றார். விடுதிச் சமையல்காரராம். எங்கள் ஊர் எது, அவருடைய ஊர் எது, இரண்டுக்கும் நடுவில் யார் யாரைக் கலியாணம் கட்டினார்கள் என்பதெல்லாம் வாளி நிரம்புவதற்குள் முடிந்துவிட்டது. மத்தியானம் இரண்டு பேரும் வரத்தான் வேண்டும், ஆட்டிறைச்சி இருக்கிறது என்றார். நான் மறுத்தேன். ஆனால் எங்கள் ஆட்களிடம் முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்குத்தான். அவற்றை யாரும் காதில் வாங்குவதில்லை. மூன்றாவதுக்குக் காரணம் வேண்டும். மனைவிக்கு வெள்ளிக்கிழமை விரதம், வெளியில் கை நனைக்கமாட்டாள் என்றேன். அவர் தலையாட்டினார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

நான் மறந்துபோன ஒரு விஷயம் கருவாடு. ஓல்டனில் எங்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் மேல்மாடி ஜன்னல்கள் வரிசையாகப் படாரென்று சாத்தப்படும். ஆகவே மனைவி ஒரு பொதி கருவாட்டை மூன்று உறைக்குள் சுற்றி மலைக்குக் கொண்டுவந்திருந்தாள். வழக்கமாக வெள்ளிக்கிழமை மரக்கறிதான். ஆனால் இந்தக் கிழமை கடவுளுக்கும் லீவு என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். நான் வரும்போது வானுக்கு வெளியே தாச்சியில் கருவாடு வெடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் சோற்றைப் போடவும், மேட்டிலிருந்து சமையல்காரர் அடுக்குச்சட்டியோடு இறங்கி வரவும் சரியாக இருந்தது. தலைமுழுகி, திருநீறு பூசியிருந்தார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம். விரதக்காரிக்கு என்று புதுச்சட்டியில் சமைத்தாராம். சொல்லி முடித்தபிறகுதான் தாச்சியைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஓல்டனுக்கான ரெயின் புறப்படும் நேரம் தெரிந்தது. நான் கருவாட்டைப் பார்த்தேன். வேறு போக்கிடம் இல்லை.

“தம்பி, விரதமும் இல்லை, ஒண்டும் இல்லை,” என்றாள் மனைவி. “இவர் பொய் சொல்லிப்போட்டார். நான் ஒரு கிழமைக்கு ஒருத்தற்ற வீட்டையும் போகாமல், கதைக்காமல் இருக்கவெண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான். குறை நினைக்காதேங்கோ.”

அவர் அடுக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அக்கா, உண்மையைச் சொன்னா, எனக்கும் இண்டைக்கு லீவு. படுத்துக் கிடக்கத்தான் இருந்தனான். அண்ணையைக் கண்டிட்டுக் கூப்பிடாமல் விட்டா நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? அதுக்குத்தான் கூப்பிட்டனான். விரதம் எண்டவுடன சந்தோசம். பிறகு யோசிச்சன், விரதக்காரிக்குக் குடுக்காமல் விட்டா அது அதைவிடப் பெரிய கதையாப் போயிடும்.” அடுக்குச்சட்டியின் பிடியைச் சரிசெய்தார். “முந்தி இருந்த இன்டர்லாக்கன்ல கிழமைக்கு ஒரு கொண்டாட்டம் அக்கா. ஒருத்தரும் வரேலாத இடமாப் பாத்துத்தான் நான் இஞ்ச வேலை எடுத்தனான்.”

மனைவி அவரைப் பார்த்த பார்வை, என்னைக் கட்டிய நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத பார்வை. ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, சோறும் நாலு துண்டு கருவாடும் வைத்து நீட்டினாள்.

“இருந்து சாப்பிடுங்கோ. கதைக்கத் தேவையில்லை.”

அவருக்கு விரதம் இருந்ததோ தெரியாது. இருந்திருந்தால் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. மூவரும் சாப்பிட்டோம். நான் இரண்டொரு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பளத்தை உள்ளே தள்ளி மூடிக்கொண்டேன். போகும்போது, பாதை முடிகிற இடத்தில் ஏரிக்கு மேலே ஒரு புல்வெளி இருக்கிறது, விவசாயி தெரிந்தவர், சொல்லிவிடுகிறேன், அங்கே ஒருவரும் வரமாட்டார்கள் என்று மனைவியிடம் மட்டும் சொன்னார்.

உண்மையாகவே ஒருவரும் வரவில்லை, ஞாயிறு காலை வரை. சூரிச் இலக்கத் தகட்டோடு ஒரு கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் பெரிய சோற்றுப் பானை தெரிந்தது. காரின் சொந்தக்காரர் இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு நின்ற என்னைக் கண்டு முகம் மலர்ந்து வந்தார்.

“அண்ணை, தமிழோ?”

என் நாக்கு நுனியில் இரண்டு நாள் கதை முட்டிக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். மனைவி கதிரையில் கண்ணை மூடி, வெறுங்காலைப் புல்லில் நீட்டிக்கொண்டு கிடந்தாள்.

“இல்லை,” என்றேன், தமிழில்.

அவர் என்னைப் பார்த்தார். சாரத்தைப் பார்த்தார். பிறகு கதிரையில் கிடந்தவளையும் பார்த்தார். “சரி அண்ணை, குறை நினைக்காதேங்கோ,” என்று பணிவாகச் சொல்லிவிட்டு, பானையோடு ஏரியின் மற்றக் கரைக்குப் போனார்.

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. கதிரை மட்டும் கனநேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.