நெஞ்சு படபடத்த டிரைவருக்கு ரெங்கநாதர் காட்டிய காபி

என் உயிர் காவேரிப் பாலத்தின் மேல்தான் போகும் என்று நான் நிச்சயமாக நம்பிய ஒரு காலம் உண்டு. என் உயிர் மட்டுமல்ல, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் உயிரும் சேர்ந்து போகும் என்று நினைத்தேன். அந்தப் பயத்திலிருந்து பெருமாள் என்னை எப்படி மீட்டார் என்பதைப் பக்தர்களாகிய உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன். எனக்கு அழகாகப் பேச வராது. பஸ் ஓட்டத்தான் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் பெயர் ரெங்கராஜ். சொந்த ஊர் உப்பிலியபுரம். விவசாயக் குடும்பம். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சிக்கு வந்து ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தேன். ஜங்ஷனுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய் வரும் டவுன் பஸ். நானும் என் மனைவி செல்லம்மாளும் ஸ்ரீரங்கத்திலேயே குடியிருந்தோம். விடிவதற்கு முன்னால் வண்டி எடுக்க வேண்டும். எழுந்ததும் ஒரு காபி. ஷெட்டில் ஒன்று. ஜங்ஷன் போய்ச் சேர்ந்தால் ஒன்று, ஸ்ரீரங்கம் திரும்பினால் ஒன்று. சாப்பாடு தப்பினாலும் தப்பும், காபி தப்பாது. அது இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது.

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை வெயிலில் அந்தப் படபடப்பு முதன்முதலாக வந்தது. பாலக்கரை தாண்டி வந்துகொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல ஒரு துள்ளல். பிறகு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. உள்ளங்கை வியர்த்தது. விரல்கள் நடுங்கின. மெயின்கார்டு கேட் வருவதற்குள் அடங்கிவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நிழலில் வண்டியை நிறுத்தி ஒரு காபி குடித்தேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. என் அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். அப்போது அவருக்கு என் வயதுதான். அவருக்கு வந்ததுதான் எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். வரப்பில் இருந்தவர் தனியாகப் போனார். பாலத்தில் பஸ் ஓட்டுகிற நான் தனியாகவா போவேன்?

ஆடி மாதம் வந்தது. காவேரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே காவேரிக்கரை அம்மா மண்டபம் போகிறது. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பெண்கள் மடியில் காப்பரிசியும் பூவும் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். காவேரிப் பாலம் பழையது, குறுகலானது. பாதிப் பாலம் போயிருப்பேன். நெஞ்சு துள்ளியது. இந்தத் தடவை அடங்கவில்லை. காது அடைத்தது. கைப்பிடிச் சுவரும் அதற்கு அப்பால் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடும் தண்ணீரும் ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டேன்.

கண்டக்டர் கருப்பையா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"என்னண்ணே, நடுப் பாலத்துல நிறுத்திட்டீங்க?"

"நெஞ்சு அடிக்குதுடா. கண்ணு சரியாத் தெரியல."

அவன் முகம் வெளுத்துப் போயிற்று. குனிந்து என் காதருகே சொன்னான்: "சத்தமாச் சொல்லாதீங்கண்ணே. சனம் பயந்து இறங்க ஆரம்பிச்சா நசுங்கிருவாங்க."

பின்னால் மாட்டு வண்டிகளும் இன்னொரு பஸ்ஸும் வந்து நின்றுவிட்டன. ஹார்ன் சத்தம் காதைத் துளைத்தது. எனக்கு முன்னால் கண்ணாடி வழியாக ரெங்கநாதர் இருக்கும் திசை தெரிந்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு வேண்டினேன். "ரெங்கநாதா, என்னை எடுத்துக்கொள்வதாக இருந்தால் எடுத்துக்கொள். இந்த ஜனங்களை அக்கரையில் இறக்கிவிட அவகாசம் கொடு. அதற்குப் பிறகு உன் இஷ்டம்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

படபடப்பு நின்றுவிடவில்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் கண் தெளிந்தது. கை நடுக்கம் குறைந்தது. முதல் கியரில் போட்டு, நடந்து போகிறவன் முந்திவிடும் வேகத்தில் வண்டியை உருட்டினேன். கருப்பையா பக்கத்திலேயே நின்று, "வாங்கண்ணே, வாங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அக்கரையில் மாம்பழச்சாலையில் நிறுத்தி எல்லாரும் இறங்கியதும் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து அழுதேன்.

அன்றைக்கே கருப்பையாவும் செல்லம்மாளும் என்னைக் குதிரை வண்டியில் ஏற்றி டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அப்பா போன கதையை விசாரித்தார். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீங்க?" என்றார்.

எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். செல்லம்மாள் எண்ணிச் சொன்னாள். டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார்.

"காபியிலே நெஞ்சை விரட்டுற சத்து ஒண்ணு இருக்கு. சில உடம்புக்கு அது ஆகாது. காபியை அடியோட நிறுத்திப் பாருங்க. படபடப்பு நின்னா காபிதான் காரணம். நிறுத்தியும் வந்தா, உங்க இருதயத்தைத்தான் பார்க்கணும். அதுவரைக்கும் பஸ் ஓட்டக் கூடாது."

கம்பெனியில் சொல்லி ஷெட்டில் வண்டி கழுவும் வேலைக்கு மாறிக்கொண்டேன். காபியை நிறுத்தினேன். நிறுத்திய மறுநாள் தலைவலி வந்தது பாருங்கள், மண்டைக்குள் உளி வைத்து அடிப்பது போல. வாந்தி. பகலெல்லாம் தூக்கம். செல்லம்மாள் எது கேட்டாலும் எரிந்து விழுந்தேன். இதுவும் சாவுக்கு அறிகுறி என்று பயந்தேன். டாக்டரம்மா, "காபியை விட்டா அப்படித்தான் இருக்கும், தன்னால போயிடும்" என்று சொல்லியிருந்தும் மனம் கேட்கவில்லை.

தலைவலி ஒருவழியாக விட்டது. ஆனால் பயம் விடவில்லை. இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே இருப்பேன். காபிக்குப் பதிலாக மல்லிக் காபி போட்டாள் செல்லம்மாள். கஷாயம் மாதிரி இருந்தது. வெறும் பால் வயிற்றைப் புரட்டியது. விடியற்காலையில் பக்கத்து வீட்டு டிகாக்ஷன் வாசனை வரும்போது அழுகை முட்டும். ஆண்பிள்ளை ஒரு டம்ளர் காபிக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது.

புரட்டாசி கழிந்து ஐப்பசியில், உப்பிலியபுரத்தில் என் மைத்துனர் மகளுக்குக் காதுகுத்து. போயிருந்தோம். மைத்துனர் டம்ளரோடு வந்தார்.

"ஒரு வாய்தானே மாப்ளே. இவ்வளவு நாள் கழிச்சா ஒண்ணும் பண்ணாது."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. கை தானாக நீண்டது. முழு டம்ளரையும் குடித்துவிட்டேன். பந்தியில் உட்காரப் போகும்போது நெஞ்சு துள்ளியது. மாட்டுக் கொட்டகை ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்பா விழுந்த வயல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் ஊரில்தான் எனக்கும் முடிவு என்று தோன்றியது. வேட்டி வியர்வையில் நனைந்துவிட்டது. செல்லம்மாள் ஓடி வந்தாள். "காபி குடிச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

"ஏங்க, ஆடிக்கு அப்புறம் இன்னைக்கு வரைக்கும் இது வரவே இல்லையே?"

"இல்ல."

"இப்ப காபி உள்ள போனதும் வந்திருக்கு. அப்ப உங்க அப்பாவுக்கு வந்தது இல்லீங்க இது. டாக்டரம்மா சொன்னது சரிதாங்க. காபிதாங்க!"

எதை நினைத்து மூன்று மாதமாக நடுங்கினேனோ அதுவே திரும்ப வந்து எனக்குப் பதில் சொல்லியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே நான் கைகூப்பினேன். பயமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்த அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா திரும்பவும் பார்த்துவிட்டு, தை மாதம் முதல் வண்டி ஓட்டலாம் என்றார். ஆனால் எனக்குள் புதுப் பயம் முளைத்தது. கை தானாக நீண்டுவிட்டதே. ஜங்ஷனில் ஒரு நாள் களைப்பில் மறுபடி நீண்டுவிட்டால்? நடுப் பாலத்தில் மறுபடி வந்துவிட்டால்? இதைச் செல்லம்மாளிடம் சொன்னேன்.

"பெருமாள்கிட்ட கேளுங்க" என்றாள்.

"ஜனங்க உயிரைக் கேட்டேன், கொடுத்தார். இப்ப காபியைக் கேக்கச் சொல்றியா?"

"உங்களுக்கு அதுதானே பயம்? பயத்தைத்தான் சொல்லணும். பெரிசு சின்னதுன்னு அவர் பார்த்துக்குவார்."

அவரிடம் எடுத்துச் சொல்லட்டும் என்று வெள்ளிக்கிழமை தாயார் சந்நிதியில் போய் நின்றேன். கூசிக் கூசித்தான் கேட்டேன். "அம்மா, என் கை அந்தப் பக்கம் போகாமல் ஏதாவது வழி பண்ணு." தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு காபிப்பொடிக் கடை. வழக்கமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவேன். அன்றைக்கு வந்த வாசனையில் கால் நின்றுவிட்டது. கருகின சர்க்கரை போல, அடியில் கசப்போடு ஒரு வாசனை.

கடைக்காரர் வயதான ஐயங்கார். என்னைப் பார்த்து, "என்ன டிரைவர், வாசல்லயே நின்னுட்டீர்? முன்ன மாதிரி பொடி வாங்க வரதில்லையே?" என்றார்.

"காபி எனக்கு ஆகாதுன்னுட்டாங்க சாமி. வாசனையை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவர் சிரித்தார். "இப்போ நீர் பிடிக்கிற வாசனை காபியே இல்லை ஓய். சிக்கரி. காபிக் கொட்டை இன்னும் வரலை, இதைத்தான் வறுத்து அரைச்சிண்டிருக்கேன். இது ஒரு கிழங்கு. என் ஆத்துக்காரிக்குத் தூக்கம் வரலேன்னு காபியை நிறுத்தினப்புறம் இதைத்தான் போட்டுக் குடிக்கிறா."

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. கொஞ்சம் பொட்டலம் கட்டித் தரச் சொல்லி நேராக டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கிழங்குதானே, இதிலே அந்தச் சத்து கிடையாது. காபிப்பொடி துளிகூடக் கலக்காம தாராளமாக் குடிங்க" என்றார்.

முதலில் போட்டது உருப்படவில்லை. சிக்கரியை மட்டும் பில்டரில் போட்டால் களி போல அடைத்துக்கொண்டு சொட்டு இறங்கவில்லை. கொதிக்க வைத்தால் ஒரே கசப்பு. செல்லம்மாள் விடவில்லை. கோதுமையைக் கருக வறுத்து, ரவையாக உடைத்து, அதோடு சிக்கரியைக் கொஞ்சமாகக் கலந்தாள். டிகாக்ஷன் கறுப்பாகச் சொட்டியது. பசும்பாலைச் சுண்டக் காய்ச்சி ஊற்றி, நுரை வர ஆற்றி என் முன்னால் வைத்தாள்.

எனக்குக் குடிக்கப் பயம். டாக்டரம்மா சொன்ன பிறகும் பயம். பெருமாள் பெயரைச் சொல்லி ஒரு வாய் குடித்தேன். கசப்பு, இனிப்பு, சூடு, எல்லாம் இருந்தது. காபிக்கு மாற்று என்று நினைத்துக் குடிக்கவேண்டிய தேவையே இல்லை. அதுவே நன்றாக இருந்தது. குடித்துவிட்டு, படபடப்பு வருகிறதா என்று இருவரும் காத்திருந்தோம். செல்லம்மாள் என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் முற்றத்தில் இறங்கும்வரை அப்படியே இருந்தோம்.

"அமைதியா இருக்குங்க" என்றாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

தை பிறந்ததும் வண்டி எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தப் படபடப்பு வரவில்லை. தினமும் எங்கள் வீட்டில் இந்தக் காபிதான். கருப்பையாவும் வந்து குடித்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போகிறான். முன்பெல்லாம் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு என் பக்தி முடிந்துவிடும். இப்போது ஓய்வு நாளில் சந்நிதியில் போய் நின்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறேன். எனக்குப் பயமே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வண்டி நிறைய ஜனத்தை ஏற்றும்போது இன்னும் அந்தப் பாலம் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போது அதை யாரிடம் சொல்வது என்று தெரியும்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு படபடத்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சந்நிதிக்கும் போங்கள். மனசு தைரியமான பிறகு வேண்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். நடுங்கிக்கொண்டே போய் நில்லுங்கள். நானும் நடுங்கிக்கொண்டுதான் நின்றேன்.