மூன்றாவது கடிதம்

காருக்குள் இன்னும் ஸ்பிரிட் மணக்கிறது. வேலை முடிந்து ஏறியதும் மகள் கைகளில் பூசித் தேய்க்கிற திரவம் சீற் துணியில் ஊறிவிட்டது. கதவைத் திறந்தால் போதும், அந்தக் கார்த்திகை மாதம் முகத்தில் வந்து அடிக்கும். ஈரச் சப்பாத்து, பாதி உறைந்த கண்ணாடி, அப்போது இன்னும் கிடைக்காத மூன்றாவது கடிதம்.

ஆஸ்பத்திரி மருந்தாளராவதற்கான றெசிடென்சிப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பித்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை கிடைக்கவில்லை. இம்முறையும் இல்லையென்றால் விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அவளைத் தெரிந்த மூன்று பேர் அவளைப்பற்றி எழுதித் தரவேண்டும். பேராசிரியர் ஒருவர், பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒருவர். மூன்றாவது ஆளில் வந்து வீடே முட்டி நின்றது.

நான் அவளைக் கேட்காமலே, பக்கத்தில் அஹுன்ட்சிக்கில் இருக்கிற டொக்டரிடம் கடிதம் கேட்டுவிட்டேன். எங்கள் சனத்தின் எந்த விழாவிலும் முன்வரிசைக் கதிரை அவருக்குத்தான். ஒரு பிறந்தநாளில் கட்லட் தட்டோடு நின்றவர், யோசிக்கவேயில்லை. நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன் என்றார். இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எத்தனை படிவங்களுக்கு அப்படிக் கையெழுத்து வாங்கியிருப்போம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஞாயிறு மத்தியானம் குசினி மேசையில் இருந்து எழுதினேன். பணிவானவள். பெரியவர்களை மதிப்பவள். மூன்று மொழி தெரிந்தவள். நல்ல குடும்பத்துப் பிள்ளை. அதற்குமேல் பேனை நகரவில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு ஃபார்மசியில் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். தினமும் வாசலில் இறக்கிவிடுகிறேன். உள்ளே போய் என்ன செய்கிறாள்? கவிதை எழுதுகிறவன், என் பிள்ளையைப்பற்றி அரைப் பக்கத்தோடு களைத்துப்போனேன்.

வாசித்தாள். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பா, இது என்னைக் கலியாணம் பேசக் குடுக்கிற கடிதம் மாதிரி இருக்கு."

அப்படியென்றால் உன் கடைப் பொறுப்பாளரிடமே கேளேன் என்றேன், கோபத்தில். அவள் எதிர்க் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். பிறகு சொன்னாள்.

போன மாசியில் ஒரு குழந்தையின் மருந்துப் போத்தலில் குடிக்கவேண்டிய அளவைப் பிழையாக அடித்து ஒட்டிக் கொடுத்துவிட்டாளாம். தாய் போன பிறகுதான் உறைத்ததாம். அழைத்தால் தாய் போனை எடுக்கவில்லையாம். கோட்டைக் கொளுவிக்கொண்டு பனிக்குள் நடந்து, வீட்டைத் தேடிப் பிடித்து, குழந்தை குடிக்கமுன் போத்தலை வாங்கி வந்தாளாம். திரும்பி வந்து, யாரும் கேட்கமுன் தானே போய்ப் பொறுப்பாளரிடம் சொன்னாளாம். அந்த மனுசி முழுக் கடைக்கும் கேட்க ஏசியதாம். அதன்பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு போத்தலையும் அவவிடம் காட்டித்தான் வெளியே கொடுத்தாளாம்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சாப்பிடாமல் படுத்திருந்தாள். தடிமன் என்று நினைத்து மல்லி அவித்துக் கொடுத்தேன்.

"அவ எழுதினால் அதைத்தான் எழுதுவா," என்றாள். "ஆனா என்னைத் தெரிஞ்ச ஆள் அவதான் அப்பா."

நான் எழுதிய தாளை மடித்தேன். டொக்டரின் கையெழுத்து விழுந்தாலும் அதில் இருப்பது நான்தானே. அவளல்ல.

அடுத்தநாள் காலை, நாங்கள் இருக்கிற செயின்ட்-மிஷேலில் இருந்து நெடுஞ்சாலையில் ஊர்ந்து போனோம். டொக்டர் அதற்குள் இரண்டு தரம் அழைத்திருந்தார், தாள் எங்கே என்று. வேண்டாமென்றால் இனி ஒவ்வொரு மண்டபத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அந்த நினைப்பே சோர்வாக இருந்தது. மகள் வழி முழுக்கக் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். இன்றைக்கே கேட்கப்போகிறேன் என்றாள். அந்த மனுசி மாட்டேன் என்றும் சொல்லலாம்.

ஃபார்மசி வாசலில் இறங்கியவள், கதவைப் பிடித்தபடி குனிந்தாள்.

"டொக்டர் மாமாட்ட வேண்டாமெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

"ஓம் பிள்ளை, பேந்து சொல்லுறன்."

"பேந்து இல்லை அப்பா. இண்டைக்கு."