சங்கு ஊதாத மத்தியானம்

குன்னத்து வீரமணிக்கு முதலில் கைதான் பேசும், வாய் அப்புறம்தான். பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்த வருஷமே, படிக்க வந்த பெண்ணிடம் வாலாட்டிய முதலாளியின் மச்சானைக் கீபோர்டாலேயே அடித்து மூக்கை உடைத்தான். வேலை போனது. பிறகு அரியலூர் பக்கம் எங்கள் சிமெண்ட் ஆலைக்கு நெட்வொர்க் பார்க்க வந்தான். வந்தும் திருந்தவில்லை. கேபிளை அறுத்த லாரி டிரைவரை எடைமேடையிலேயே போட்டு மிதித்தான். இருந்தாலும் அவன் கை வைத்த மெஷின் மறுபடி படுக்காது என்பதால் அவனை யாரும் அனுப்பவில்லை. நான் ஸ்டோரில் இருந்தேன். என்னையும் ஒரு தடவை அடித்திருக்கிறான். நானும் திருப்பி அடித்தேன். அதற்கப்புறம்தான் சிநேகிதம்.

2007-இல் சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதுதான் அதன் முகவரி. பழைய முறையில் நம்பர்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன, புது முறைக்கு எல்லா ஆலைகளும் இப்போதே தயாராக வேண்டும் என்றார்கள். வீரமணி அதை ஆசையாகத்தான் படித்தான். மேனேஜர் பாலசுந்தரத்திடம் போய் நின்றான்.

"பழசும் புதுசும் கொஞ்ச நாள் ஒண்ணாவே ஓடட்டும் சார். ஒவ்வொரு பெட்டியா பாத்து மாத்திக்கறேன். சில பெட்டிக்குப் புது நம்பர் தெரியாது."

"இன்னைக்கு மத்தியானம் சென்னையிலேருந்து வராங்கய்யா. முழுக்கப் புதுசுன்னு காட்டணும். பழசை அணைச்சுடு."

"முடியாது சார்."

மேனேஜரே அணைத்தார். நெட்வொர்க் அறையைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, விருந்தாளிகளை அழைக்க ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். பெரிய மனுஷருக்கு அப்படியொரு அவசரம்.

எங்கள் சுண்ணாம்புக்கல் குழியில் மத்தியானம் வெடி வைப்பார்கள். ஆபீஸ் கன்ட்ரோல் அறையில் ஒரு பட்டனை அழுத்தினால் நெட்வொர்க் வழியாகக் குழியோரக் கம்பத்தில் சங்கு ஊதும், வெடி வைக்கும் நடராசன் உட்காரும் தகரக் கூண்டில் பச்சை விளக்கு எரியும். நடராசனுக்கு விளக்கு வேண்டும். இருபது வருஷ வெடிச்சத்தத்தில் காது செத்துப்போய்விட்டது. விளக்கு எரிந்ததும் அவர் வெற்றிலை போடுவார். மென்று துப்பியதும் வெடிப்பெட்டியின் கைப்பிடியை அழுத்துவார். அதுதான் அவருடைய கடிகாரம். மற்ற எல்லோருக்கும் சங்குதான். கொடிக்காரர்கள் சங்கு கேட்டுத்தான் எழுந்து ஆட்களை விரட்டுவார்கள். குழிக்குள் மழைத்தண்ணி தேங்கிப் புல் முளைப்பதால், 'உள்ளே வராதே' போர்டு இருந்தும் அங்கேதான் பெண்கள் ஆடு மேய்ப்பார்கள். நடராசனின் மனைவி சின்னப்பிள்ளையும் மேய்ப்பாள். சங்கு ஊதினால் எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள்.

விளக்குப் பெட்டி அந்த வருஷம் வாங்கியது. சங்குப் பெட்டி பழசு, அதற்குப் புது நம்பர் தெரியாது.

கேன்டீனில் சங்கு ஊதினால்தான் சாம்பார் வாளியைத் திறப்பார்கள். அன்றைக்கு வாளி திறக்கவில்லை. வீரமணி தட்டை வைத்துவிட்டு கன்ட்ரோல் அறைக்கு ஓடினான். பட்டனை அழுத்தியவன் ஏ.சி.யில் கண்ணாடிக்கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் கூண்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எத்தனை நேரமாடா எரியுது?" என்று அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். பதில் வருவதற்குள் கீழே போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான். "வண்டிய எடுடா! சங்கு ஊதல, விளக்கு எரியுது!"

வெடிமருந்து பக்கத்தில் செல்போன் கூடாது. குழிப்பக்கம் இருந்த எல்லோருடைய போனும் கேட்டில் கிடந்தது. வண்டியை விரட்டினேன்.

கூண்டை எட்டியபோது நடராசன் எச்சிலைத் துப்பிவிட்டு, குழிப்பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டிருந்தார். கத்தி என்ன பிரயோஜனம்? வீரமணி பாய்ந்து அவர் தாடையில் விட்டான் ஒரு குத்து. பல்லும் வெற்றிலையும் ரத்தமும் தகரத்தில் தெறித்தன. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பைத்தியம் பிடித்தவன் என்று நினைத்துக் கடப்பாரையை எடுத்து அவன் வலது கையில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. வீரமணி வெடிப்பெட்டியின் மேல் குப்புற விழுந்து அதைக் கட்டிக்கொண்டான். வேப்பமரத்தடியிலிருந்து ஓடிவந்த கொடிக்காரர்கள் அவன் முதுகிலும் விலாவிலும் மிதித்தார்கள். தடுத்த எனக்கும் விழுந்தது. அவன் பெட்டியை விடவில்லை.

"சங்கு ஊதலடா! உள்ள ஆளுங்க இருக்காங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்போதுதான் கால்கள் நின்றன. கூச்சல் கேட்டு சின்னப்பிள்ளை ஆடுகளோடு குழியிலிருந்து ஏறி வந்தாள். புருஷன் வாயில் ரத்தத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தொரட்டிக்கம்பால் வீரமணியின் மண்டையை உடைத்தாள்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் வீரமணிக்கும் நடராசனுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வீரமணியின் கட்டிலருகே போலீஸ்காரர் நின்றார். முன்விரோதத்தில் அடித்தான் என்று எழுதிய புகாரில் நடராசனிடம் கையெழுத்து வாங்க மேனேஜர் வந்தார். கொடிக்காரர்கள் வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. நான் வராந்தாவில் சின்னப்பிள்ளையிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போனாள்.

"சங்கு ஏன் சார் ஊதல?"

"அது டெக்னிக்கல் விஷயம்மா. உனக்குச் சொன்னாப் புரியாது."

"குழிக்குள்ள நின்னவ நான் சார். எனக்குப் புரியாம யாருக்குப் புரியும்?"

பளாரென்று விட்டாள். மேனேஜரின் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. போலீஸ்காரர் அவளைப் பிடிக்க வேண்டியவர், ஏனோ கண்ணாடியைத் தேடினார். கட்டிலில் கிடந்த வீரமணி, வாழ்க்கையில் முதல் தடவையாக, "வேணாம்க்கா, விடுங்க" என்றான். சிரிப்பும் அழுகையும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

என்ன நடக்கிறது என்று தெரியாமல் நடராசன் விழித்தார். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் வாய் திறந்து என்னவென்று கேட்கவும் முடியவில்லை. சின்னப்பிள்ளை அவர் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

"சங்கு ஊதல. நான் உள்ளதான் நின்னேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். வீரமணியின் கட்டிலுக்குப் போனார். மறுபடி அடிக்கப் போகிறார் என்று போலீஸ்காரர் குறுக்கே வந்தார். நடராசன் அவரைத் தள்ளிவிட்டு, தன்னை அடித்த அந்தக் கையை, தான் முறித்த அந்தக் கையை, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீரமணி வலி தாங்காமல் வார்டே அதிரக் கத்தினான். நடராசனுக்கு அது கேட்கவில்லை.