சிவப்பு வண்டிக்கு ஒரு முழங்கால்

பெரிய காஞ்சிபுரத்துத் தறிக்காரத் தெரு ஒன்றிலிருந்து தினமும் காலை ஆறே முக்காலுக்கு, இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உறுமிக்கொண்டு புறப்படும். உள்ளே யாரோ கடை முதலாளி வீட்டுச் செல்லப்பிள்ளை என்று எட்டிப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். ஓட்டுவது நாற்பத்திரண்டு வயது சங்கீதா. தலையில் இரண்டு முழம் மல்லிகை, பின்பக்கம் டிபன் கேரியர், கழுத்தில் தொழிற்சாலை அடையாள அட்டை. ஒரகடத்தில் தர ஆய்வாளர் வேலை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் கையாக வாங்கிய வண்டி. "குடும்பம் உக்கார எடமில்லாத காரு எதுக்குமா?" என்று தெருவே கேட்டது. அவளுக்கும் கணவர் ஆனந்தகுமாருக்கும் பிள்ளைகள் இல்லை. "ரெண்டு பேரு, ரெண்டு சீட்டு. சரியாத்தானே இருக்குது?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்டவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அவள் வேகத்துக்காக அதை வாங்கவில்லை. தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும்போது அவளுக்கு ஒரு மயக்கம் வரும். தான் நகரவே இல்லை, பனி மூடிய வயலும் ஏரிக்கரையும் புளியமரங்களும்தான் தன்னைப் பார்க்க ஓடிவருகின்றன என்று தோன்றும். வாலாஜாபாத் தாண்டுகிற வரைக்கும் அந்த மயக்கம் கலையாது. இதை அவள் ஆனந்தகுமாரிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

ஆனந்தகுமார் நெசவாளி. அது பிழைப்பு. பெருமை வேறு இடத்தில் இருந்தது. பத்தொன்பது பங்குனி உற்சவங்களில் ஏகாம்பரநாதருக்குத் தோள் கொடுத்தவர் அவர். ரிஷப வாகனம் ராஜவீதியில் திரும்பும்போது வலப்பக்கத் தண்டில் மூன்றாவது ஆள். சாமி அலுங்கக் கூடாது, குலுங்கக் கூடாது என்பது அவருக்கு மூச்சு மாதிரி. வீட்டில் பால் செம்பைத் தூக்கினாலும் அந்த நடைதான். பாலுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று சங்கீதா கிண்டல் செய்வாள்.

அத்தனை பாரம் சுமந்த மனிதரைக் கவிழ்த்தது கிணற்றடி மோட்டார். பழுது பார்க்க ஒற்றை ஆளாகத் தூக்கினார், இடுப்பில் ஏதோ நழுவியது. டிஸ்க் என்றார் எலும்பு டாக்டர். தறிக்குழியில் உட்காரக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, குலுக்கல் ஆகாது. எல்லாவற்றையும்கூட அவர் பொறுத்துக்கொண்டார். தூக்கம் போனதுதான் தாங்கவில்லை. எட்டு மாதமாக அவர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியது கிடையாது. படுத்தால் வலி, உட்கார்ந்தால் வலி. கண்ணைச் சுற்றிக் கருத்து, பேச்சு குறைந்து, நல்ல மனிதர் நிழலாகிப் போனார்.

வாரத்துக்கு மூன்று நாள் வாலாஜாபாத்தில் பிசியோதெரபி. அவள் போகிற வழிதான். முதல் நாளே காரில் ஏற்றிக்கொண்டாள். காரின் ஷாக் அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பல்லைக் கடித்தார். கடைசித் தடையில் ஒரு சின்னச் சத்தம் போட்டார். அந்தச் சத்தம் நாள் முழுக்க அவள் காதில் நின்றது.

அன்றிலிருந்து சங்கீதாவுக்கு சஸ்பென்ஷன் பைத்தியம் பிடித்தது. சாப்பாட்டு நேரமெல்லாம் யூடியூப். கைப்பேசியில் புடவை விளம்பரம் நின்று ஸ்பிரிங் விளம்பரம் வர ஆரம்பித்தது. தொழிற்சாலை இளவட்டங்கள், "லோயரிங் ஸ்பிரிங் போடுங்கக்கா, வண்டி தரையை முத்தம் குடுக்கும், செம கெத்து" என்றார்கள். கெத்தை வைத்து இடுப்பு வலிக்கு ஒத்தடமா கொடுப்பது? கம்பெனியின் பழைய சாமானையே மறுபடி போடலாம் என்றால், அது புதிதாக இருந்தபோதே கல்லுதான். அப்புறம் காயிலோவர் என்று ஒன்று இருந்தது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வருவது; தலையில் ஒரு சின்னத் திருகு; 'கிளிக், கிளிக்' என்று இருபத்து நாலு படி. இறுக்கினால் முரடு, தளர்த்தினால் மெத்தை. மெத்தை என்ற சொல்லிலேயே அவள் விழுந்துவிட்டாள்.

முசரவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் டேனியல்தான் அவளுடைய மெக்கானிக். இந்த வண்டியைத் தொட அவள் வேறு யாரையும் விட்டதில்லை. பொருள் வந்ததும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "நாலு சக்கரத்துக்கும் முழுசாத் தளத்திடு டேனியல். அலுங்கவே கூடாது."

"முழுசாவா? நடுவுல வச்சுப் பாக்கலாம்க்கா. டெய்லி ஓட்டுற வண்டி..."

"பதினெட்டு வருசமா ஒரு சாமி தூக்கிகூடக் குடும்பம் நடத்திக்கினு இருக்கேன். அலுங்காம போறதுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

டேனியல் திருகைக் கடைசிவரைத் தளர்த்திவிட்டான்.

மறுநாள் வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது, அடியே தெரியவில்லை. சங்கீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேகத்தின்மேல் போகிறோம் என்று நினைத்தாள். "எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுமா" என்றார் ஆனந்தகுமார், கதவுப் பிடியை விடாமல்.

அதற்கடுத்த பிசியோ நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் ஷேர் ஆட்டோவில் போய்விட்டார். எட்டுப் பேரோடு இடித்துக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு. பூட்டிய காருக்குப் பக்கத்தில் சாவியோடு நின்ற சங்கீதாவுக்கு முதலில் அவர்மேல் கோபம் வந்தது, பிறகு காரின்மேல், கடைசியில் தன்மேல். உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதாள். ஒரு மனிதனைத் தூங்கவைக்கத் துப்பில்லாமல் ஒரு மாதம் வீடியோ பார்த்தோமே என்று அழுதாள்.

அன்று சாயந்தரம் கேட்டேவிட்டாள். "ஆட்டோவை விடவா நம்ம வண்டி மோசம்? உண்மையைச் சொல்லுங்க."

"அடிக்கலம்மா. ஆனா நிக்க மாட்டேங்குது. ஒரு பள்ளத்துக்கு நாலு தரம் ஆடுது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடுப்பு தன்னால புடிச்சுக்குது. ஆட்டோ ஒரே போடாப் போட்டுட்டு விட்டுடுது."

"நீங்கதானே அலுங்கக் கூடாது அலுங்கக் கூடாதுன்னு உயிரை எடுப்பீங்க!"

"அலுங்கக் கூடாதுன்னா முழங்காலு தொளதொளன்னு இருக்கணும்னா அர்த்தம்?" எட்டு மாதத்தில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். "இதோ பாரு. தண்டு தோள்மேல இருக்குது. முன்னாடி ஆளு பள்ளம்னு கொரல் குடுக்கிறான். முழங்காலு ஒருதரம் வாங்கணும். வாங்கின உடனே தாங்கணும். வாங்காம நின்னா சாமிக்கு அடி. வாங்கிட்டுத் தாங்காம விட்டா சாமி ஊஞ்சலாடும், கூடத் தூக்கிற அத்தனை பேரையும் சாய்ச்சுடும்." சொல்லிக்கொண்டே முழங்காலை மடக்கி நிமிர்ந்தார். வலியில் முகம் சுருங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "உன் வண்டி வாங்குது. தாங்க மாட்டேங்குது."

பதினெட்டு வருஷமாக அந்தச் சொற்களில் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம் என்று சங்கீதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஞாயித்துக்கிழமை டேனியல் கிட்ட போலாமா?" என்றார் அவர்.

போனார்கள். ஆனந்தகுமார் நாற்காலி வேண்டாம் என்றுவிட்டார். வண்டியின் முன்பக்க மூலையில் உள்ளங்கையை வைத்து, "நீ அமுக்குப்பா, நான் பாக்கிறேன்" என்றார். டேனியல் அமுக்கிவிட்டான். வண்டி எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தது. ஆனந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நாலு கிளிக் இறுக்கினான். மறுபடி அமுக்கல். இன்னும் மூன்று. அதன் பிறகு ஒவ்வொன்றாக. வேப்பமரத்து நிழல் பட்டறைக் கூரையில் அசைந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் ஏதோ பூஜையில் நிற்கிறவர்கள் போலிருந்தார்கள். முன்பக்கம் பதினொன்றாவது கிளிக்கில் வண்டி அமுங்கியது, எழுந்தது, நின்றது.

"ஆங்" என்றார் ஆனந்தகுமார்.

"அண்ணே, இதுக்கு சென்னையில மிசின் வச்சுக்கினு இருக்கானுங்க" என்றான் டேனியல், திருகிலிருந்து கையை எடுக்காமலே.

பின்பக்கத்துக்கு அவர் வேறு கணக்குச் சொன்னார். பின்தண்டுக்காரனுக்குப் பள்ளம் தெரியாது, முன்னால் போகிறவன் அசைவைத்தான் கேட்க வேண்டும். அதனால் அவன் கொஞ்சம் இளகியே நிற்கணும் என்றார். டேனியல் இரண்டு கிளிக் குறைத்து வைத்தான்.

ஓட்டிப் பார்க்கக் கூரம் வரைக்கும் போய்வருகிறோம் என்று கிளம்பினார்கள். மணி பத்து. ஊருக்கு வெளியே சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. முதல் பள்ளத்தில் சங்கீதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒருமுறை பணிந்தது, அவ்வளவுதான். இரண்டாவதிலும் அப்படியே. வேகத்தடையில் ஏறி இறங்கியபோது அவர் கை கதவுப் பிடியில் இல்லை, மடியில் கிடந்தது.

"இப்ப எப்படிங்க?" என்றாள்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கைப்பேசியில் டேனியல் கூப்பிட்டான். 'உஷ்' என்று வாயில் விரலை வைத்துக் காட்டுகிற அவசரத்தோடு அவள் அதை அணைத்தாள். கூரம் வந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவார் என்று நிறுத்தவில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு முசரவாக்கம் வந்தாள், அங்கும் நிறுத்தாமல் மறுபடி கூரத்துக்குத் திருப்பினாள். இருநூறு கிலோமீட்டர் வேகம் போகக்கூடிய வண்டியை முப்பதில் உருட்டினாள். புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று ஹார்ன் அடிக்கப் போய், கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, அடிக்காமல் தாண்டிப் போனது. மரங்கள் மெதுவாக வந்தன, மெதுவாகப் போயின. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

நாலாவது சுற்றில் மணியைப் பார்த்தாள். பன்னிரண்டேகால். ஆனந்தகுமார் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.