மானுக்கு எந்த ரவுண்டு

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெருமை வந்தால்தான் தாங்க முடியாது. வடக்கே கட்கியில், ராணுவத்துக்குத் தோட்டா செய்யும் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து, ரைஃபிள் ரவுண்டுகளைச் சோதித்துச் சோதித்தே ஓய்வு பெற்றவர். கடைசி நாளன்று, உடன் வேலை செய்தவர்கள் மருந்தில்லாத வெற்று ரவுண்டு ஒன்றை மரக்கட்டையில் பொருத்திக் கொடுத்தார்கள். அது எங்கள் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆயுத பூஜையன்று முதல் குங்குமம் அதற்குத்தான், என் மிக்ஸிக்கெல்லாம் அப்புறம்.

எங்கள் ஒரே பையன் பக்கத்திலேயே வாகட்டில் ஃபிளாட் வாங்கினான், அதைப் பூட்டிவிட்டு அமெரிக்கா போனான். போன கார்த்திகையில், அங்கே அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டார். அங்கே அதற்கென்று சீசன் உண்டாம், லைசென்ஸ் உண்டாம். ஞாயிற்றுக்கிழமையானால் மட்டன் குழம்பு வைக்கிற நான் என்ன சொல்ல முடியும்? "சுட்டா சாப்பிடணும். வேடிக்கைக்குச் சுடாதே" என்று மட்டும் சொன்னேன்.

தோட்டா வாங்கும் கடையிலிருந்து வீடியோ கால் செய்தான். ரைஃபிள் அந்த நண்பருடையது, தோட்டாவை மட்டும் இவன் வாங்க வேண்டும்.

"அப்பா, கடைக்காரர் இத எடுக்கச் சொல்றாரு. நுனியில ஈயம் தெரியுது பாருங்க. உடம்புக்குள்ள போனதும் விரிஞ்சிடுமாம். மான் அங்கேயே விழுந்துடுமாம்."

"பக்கத்துல இருக்கே, அது என்னா?"

"அது முழுக்கச் செம்பு உறை போட்டது. அட்டையில சுட்டுப் பழகறதுக்காம். அட, அப்பா! இது உங்க ரவுண்டு! அதே அளவு!"

அவ்வளவுதான். இவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அரே, அதையே எடுடா! அது மாதிரி நேராப் போறது உலகத்துலயே கிடையாது."

கடைக்காரர் தலையை ஆட்டி ஏதோ சொல்வது மூலையில் தெரிந்தது. "அவர் வேணாங்கறாரு போலிருக்கே" என்றேன்.

"விலை ஜாஸ்தியானத விக்கப் பாக்கறான். உனக்கு என்னா தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்! பையனும் சிரித்துக்கொண்டே அப்பாவின் ரவுண்டை வாங்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். போன் அடித்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் தீப்பெட்டியைக் கீழே வைத்தேன்.

"அம்மா, அப்பாகிட்ட குடு."

இவர் வாங்கினார். "என்னாடா, கிடைச்சுதா?"

"சுட்டுட்டேன்பா. சரியாத்தான் பட்டுது, தோளுக்குப் பின்னாடி. துள்ளிட்டு ஓடிடுச்சு."

"பட்டா விழணுமே."

"விழல. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வெளிய போயிருக்குன்னு என்னைக் கூட்டிட்டு வந்தவரு சொல்றாரு. உள்ள விரியவே இல்லையாம். உடனே பின்னால போனா பயந்து இன்னும் தூரம் ஓடுமாம். எங்கயாவது படுக்கட்டும், அப்புறம் தேடலாங்கறாரு. தேடிக் கிடைக்கலன்னா... நாள் பூரா உயிரோட கிடக்கும்பா."

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தோம், எடுக்கவில்லை. ஐயோ, அந்த நேரம்! அடுப்பில் குக்கர் விசில் அடித்ததற்கே இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. முருகா, அது சீக்கிரம் கிடைக்கட்டும் என்று வேண்டினேன். என்ன வேண்டுகிறோம் என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. கிடைத்தால் கொல்லத்தானே போகிறார்கள்?

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் மேல்தான் பாய்ந்தேன்.

"நேராப் போகும்னீங்களே, போயிடுச்சு பாருங்க. பூந்து புறப்பட்டு நேராவே போயிடுச்சு. இப்ப சந்தோஷமா?"

அவர் மறுபடியும் போனைப் போட்டுப் பார்த்தார்.

"அந்த ஈய நுனி போட்டத வாங்கியிருந்தா அங்கேயே விழுந்திருக்குமில்ல?"

"விழுந்திருக்கும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"எனக்கு அட்டையில ஓட்டை விழறதுதான் தெரியும்" என்றார். "எடை பார்ப்போம், அளவு பார்ப்போம், சுட்டுப் பார்ப்போம். ஓட்டையெல்லாம் பக்கம் பக்கமா விழுந்தா நல்ல ரவுண்டு. அவ்வளவுதான் எங்க வேலை. உடம்புல பட்டு நான் பார்த்ததே இல்ல."

"மிருகத்துக்கு உடனே உயிர் போற மாதிரி ஒண்ணு பண்றாங்க. அப்ப மனுஷனச் சுடறதுக்கு மட்டும் ஏன் உங்க ரவுண்டு?"

"சண்டையில விரியற ரவுண்டு கூடாதுன்னு எல்லா நாடும் சேர்ந்து முடிவு பண்ணது. கோரமா காயமாகும்னு. சின்ன ஓட்டைன்னா டாக்டர் காப்பாத்தலாம்."

"டாக்டர் இல்லாத இடத்துல?"

அவர் டிவி பக்கத்தில் நின்ற ரவுண்டைப் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தச் சம்பளத்தில்தானே நானும் இந்த வீட்டை நடத்தினேன், பையனைப் படிக்க வைத்தேன்.

போன் மறுபடி அடித்தது. படம் ஆடியது. காய்ந்த புல், பூட்ஸ், ஒரு முள் புதர். பையன் குசுகுசுவென்று பேசினான்.

"கிடைச்சிடுச்சுப்பா. புதருக்குள்ள படுத்திருக்கு. தலையைத் தூக்கி என்னையே பாக்குது."

"சீக்கிரம்டா" என்றார் இவர்.

"இன்னொரு தடவையும் அப்படியே ஆயிட்டா? கூட்டிட்டு வந்தவரு தன்கிட்ட இருக்கற ரவுண்டப் போட்டு சுடுங்கறாரு. ஈய நுனி போட்டது. நீங்க சொல்லுங்கப்பா. எதப் போடட்டும்?"

நான் அவர் தோளைத் தொட்டேன்.

"அவரோடதப் போடு" என்றார். "நம்மளது வேணாம்."

படம் கறுத்தது. போனைச் சட்டைப் பையில் போட்டிருப்பான். அவன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு வெடி. பிறகு ஒன்றுமே இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஜில்லென்றிருந்தது.

"முடிஞ்சிடுச்சுப்பா. உடனே" என்றான் பையன். இன்னும் ஏதோ சொல்ல வந்தான், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

சாய் போட்டுக் கொண்டுவந்தேன். இவர் குடிக்கவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "முதல்ல நம்ம ரவுண்டு பட்டப்போ அந்த மான் கத்துச்சான்னு அவன் சொன்னானா?" என்று கேட்டார்.

"சொல்லல" என்றேன். "கேக்கட்டுமா?"

"வேணாம்" என்றார்.